ரெண்டு மைக், லினக்ஸ் லப்டொப்: குரல் பிந்தாம கேட்க எந்த ஓடியோ இன்டர்ஃபேஸ்?

கல்லடிக்கரை:

வணக்கம். வடமோடிக் கூத்துப் பாட்டுகளைத் தடம் தடமாப் பதியிற வேலை ஒண்டு நடக்குது. முதல் மத்தளமும் சல்லரியும் (கைத்தாளம்), அதுக்கு மேல அண்ணாவியார்ர (கூத்து ஆசானின்ட) குரல், கடைசியாப் பிற்பாட்டு. லப்டொப் திங்க்பேட் டி480, 8 ஜீபீ ரம். ஓடுறது உபுண்டு ஸ்டூடியோ 24.04, பதியிறது ஆர்டோர் எண்ட பதிவு மென்பொருளில. இப்போதைக்கு மைக் குத்துறது விரல் நீளத்தில ஒரு யூஎஸ்பி சவுண்ட் குச்சியில. ஹெட்போன் லப்டொப்பின்ட சொந்தச் சொக்கெட்டில.

அண்ணாவியார் பாடினா அவர்ர குரல் அவருக்கே பிந்திக் கேட்குது. தாளம் தள்ளிப் போறதால ரெண்டு வரிக்கு மேல பாட ஏலாம ஹெட்போனைக் கழட்டி வைக்கிறார். பதிஞ்சதைப் போட்டுப் பார்த்தாலும் குரல் மத்தளத்துக்குப் பின்னால இழுபடுது. பஃபரை, அதாவது ஒலி சேர்ந்து காத்திருக்கிற தற்காலிக இடத்தை, குறைச்சா சத்தம் பொரியுது.

ஒரே நேரத்தில ரெண்டு மைக் குத்தக்கூடிய இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கை லப்டொப்போட இணைக்கிற ஒலிப் பெட்டி, ஒண்டு வாங்க வேணும். விண்டோஸ் போடுற எண்ணம் இல்ல. எதைப் பார்த்து வாங்கிறது? தண்டர்போல்ட் (வேகமான கேபிள் இணைப்பு) உள்ளதுதான் லேட்டன்சி, அதாவது பிந்தல், குறைவு எண்டு சொல்றாங்க, உண்மையா?

---

சல்லரி:

தம்பி, பெட்டியைப் பத்திக் கதைக்க முதல் ஒரு விஷயம். மைக் ஒரு கருவியில, ஹெட்போன் இன்னொரு கருவியில குத்தினா ரெண்டு கடிகாரம் ஓடும். ரெண்டுமே செக்கனுக்கு 48,000 சாம்பிள் (ஒலி அளவீடு) எண்டு சொன்னாலும் ரெண்டின்ட படிகமும் ஒரே வேகத்தில துடிக்காது. உதாரணத்துக்கு, பத்து லட்சத்தில 50 பங்கு வித்தியாசம் எண்டு வச்சிக்கொண்டாக்கூட ஒரு செக்கனுக்கு 2.4 சாம்பிள். பத்து நிமிசத்தில 1,440 சாம்பிள், அதாவது 30 மில்லி செக்கன் விலகிடும். இந்த விலகலை அடைக்கத்தான் லினக்ஸில ஒலியைக் கையாளுற பைப்வயர் எண்ட மென்பொருள் ஓடிக்கொண்டே மறு-சாம்பிள் செய்யுது. அதுக்குக் கூடுதல் பஃபர் வேணும். நீங்க சொல்ற பிந்தலில ஒரு பங்கு இதால வாறது. புதுப் பெட்டி வந்த பிறகும் ஹெட்போனை லப்டொப்பிலேயே குத்தினா காசு வீண். உள்ள போறதும் வெளிய வாறதும் ஒரே பெட்டியால நடக்க வேணும்.

தண்டர்போல்ட் கதையை விடுங்க. ரெண்டு தடம், 24 பிட், 48,000 சாம்பிள் எண்டா செக்கனுக்கு 2.3 மெகாபிட்தான் ஓடுது. யூஎஸ்பி 2இன்ட வேகம் 480 மெகாபிட். குழாய் சின்னனா இருக்கிறதால வாற பிரச்சினையே இல்ல இது. பஃபர் நிரம்பும் மட்டும் காத்திருக்கிறதுதான் பிந்தலுக்குக் காரணம். 48,000இல 1,024 சாம்பிள் பஃபர் எண்டா 21.3 மில்லி செக்கன், 256 எண்டா 5.3, 128 எண்டா 2.7, 64 எண்டா 1.3. போக ஒண்டு, வர ஒண்டு. அதோட யூஎஸ்பி டிரைவரும் பெட்டிக்குள்ள இருக்கிற மாற்றிகளும் தங்கட பங்கைச் சேர்க்கும். 128இல வச்சா மொத்தப் போக்குவரத்து பொதுவா 8 முதல் 12 மில்லி செக்கனுக்குள்ள நிக்கும்.

அது எவ்வளவு எண்டு களரியில (கூத்தாடுற மேடையில) வச்சே பாருங்க. நம்மட வெக்கையில சத்தம் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 350 மீற்றர் போகும். 10 மில்லி செக்கன் எண்டா மூண்டரை மீற்றர். வட்டக்களரியில ஆடிக்கொண்டு பாடுறவர் மத்தளத்தை அந்தத் தூரத்தில இருந்துதான் கேட்கிறார், தாளம் பிசகிறதில்ல. ஆனா தன்ட குரல் தனக்கு 10 மில்லி செக்கன் பிந்தி வந்தா அது வேற. குரல் எலும்பு வழியா உடனே கேட்கும், ஹெட்போன் வழியா பிந்திக் கேட்கும். ரெண்டும் கலந்து குழாய்க்குள்ள பாடுற மாதிரி இருக்கும். அதால குரலுக்கு நேரடிக் கண்காணிப்பு, அதாவது டிரெக்ட் மொனிட்டர், உள்ள பெட்டிதான் வேணும். மைக் சத்தம் லப்டொப்புக்குப் போகாமலே பெட்டிக்குள்ள கிறுகி ஹெட்போனுக்கு வந்திடும். உங்கட வேலைக்கு இந்த ஒரு பொத்தான், பஃபரை 32க்கு இறக்கிறதை விடப் பெறுமதியானது.

இனி எதை வாங்கிறது எண்டு பாப்பம். பெட்டியில, கையேட்டில "கிளாஸ் கம்ப்ளையன்ட்" எண்ட சொல்லைத் தேடுங்க. யூஎஸ்பி ஓடியோவுக்கு எண்டு பொது நியமம் இருக்கு. அதன்படி நடக்கிற பெட்டிக்கு லினக்ஸ் கேர்னலில (அதின்ட மையப் பகுதியில) உள்ள பொது டிரைவரே போதும், எதையும் இறக்கி நிறுவத் தேவையில்ல. அதிலயும் ரெண்டாம் வகுப்பு, அதாவது யூஎஸ்பி ஓடியோ 2, வேணும். முதலாம் வகுப்புப் பெட்டி 12 மெகாபிட் வேகத்தில ஒரு மில்லி செக்கனுக்கு ஒரு பொதி எண்டு பேசும். ரெண்டாம் வகுப்பு 125 மைக்ரோ செக்கனுக்கு ஒரு தரம் பேசும். சின்ன பஃபரில அது நல்லாத் தெரியும்.

பெரிங்கர் யூஎம்சி202எச்டி உங்களுக்குப் போதும்: ரெண்டு மைக் முன்பெருக்கி, 48 வோல்ட் (கண்டென்சர் மைக்குக்குத் தேவையான கரண்ட்), 24 பிட், டிரெக்ட் மொனிட்டர், யூஎஸ்பி கரண்டிலேயே ஓடும். மிடி (கீபோர்ட் இணைக்கிற வழி) வேணுமெண்டா 204எச்டி. பேரைப் பார்த்து ஏமாந்து யூஎம்சி22 வாங்கிடாதீங்க. அது 16 பிட், மைக் முன்பெருக்கி ஒண்டுதான். மற்றது கிட்டார் போன்றதுக்கு. ஸ்கார்லெட் சோலோவும் அப்படியே, ஒரு மைக்தான்.

கொஞ்சம் கூடச் செலவழிக்க ஏலுமெண்டா ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2. அதின்ட நாலாம் தலைமுறைக்கான கட்டுப்பாடுகள் கேர்னல் 6.8இல சேர்ந்தது, உங்கட 24.04இல அதே கேர்னல், இல்லாட்டி அதை விடப் புதுசுதான். கெயினை (மைக் சத்தத்தைப் பெருக்கிற அளவை) திரையில வச்சு மாத்திறதுக்கு அல்சா ஸ்கார்லெட் எண்ட தனி மென்பொருளும் இருக்கு. மூண்டாம் தலைமுறைப் பெட்டி வந்தா ஒரு பொறி: முதல் முதல் குத்தும்போது பென்ட்ரைவ் மாதிரித் தெரியும். 48 வோல்ட் பொத்தானை அமத்திக்கொண்டே யூஎஸ்பியைக் குத்தினா அந்த நிலை நிக்கும்.

மோட்டு எம்2வும் நல்லது. ரெண்டு மைக்குக்கும் 48 வோல்ட் தனித்தனி, மிடி இருக்கு, சின்னத் திரையில மட்டம் தெரியும். ஓடியன்ட் ஈவோ 4 லினக்ஸில சத்தம் எடுக்கும், ஆனா அதின்ட மிக்சர் மென்பொருள் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும்தான். ஸ்டைன்பர்க் யூஆர்22சி எடுத்தா பின்பக்கம் உள்ள சின்ன ஆளியை சீசீ (கிளாஸ் கம்ப்ளையன்ட்) பக்கம் தள்ள வேணும். யுனிவர்சல் ஓடியோவின்ட தண்டர்போல்ட் அப்பல்லோ லினக்ஸுக்கு இல்ல. அவங்கட வோல்ட் வரிசை கிளாஸ் கம்ப்ளையன்ட், அது ஓடும். மலிவா வருது எண்டு பழைய ஃபயர்வயர் பெட்டி எடுத்திடாதீங்க, டி480இல அதுக்குப் போர்ட்டே இல்ல.

---

மருதமுனை நெசவு:

சல்லரி நானா பெட்டியைச் சொல்லிட்டார், நான் லப்டொப்பைச் சொல்றன். நல்ல பெட்டியையும் பொரிய வைக்கிறது லப்டொப்தான்.

டெர்மினலில "யூநேம் -ஆர்" அடிச்சுக் கேர்னல் பெயரின்ட கடைசியில லோலேட்டன்சி எண்டு இருக்கா எண்டு பாருங்க. முழு ரியல்-டைம் வசதி பொதுக் கேர்னலில சேர்ந்தது 2024 நவம்பரில வந்த 6.12இலதான். உங்கட வேலைக்கு அது அவசியமில்ல, லோலேட்டன்சி போதும்.

அடுத்தது உரிமை. உங்கட பயனர் "ஓடியோ" குழுவில இருக்க வேணும். "யூலிமிட் -ஆர்" அடிச்சா 95 எண்டு வர வேணும். பூச்சியம் வந்தா ஓடியோ வேலைக்கு முன்னுரிமை கிடைக்கேல்ல. பிரவுசர் ஒரு பக்கத்தைத் திறந்தாலே ஒலி வெட்டுப்படும். குழுவில சேர்த்த பிறகு வெளியேறித் திரும்ப உள்நுழைஞ்சாத்தான் பிடிக்கும். கன பேர் இதைச் செய்யாம விட்டிட்டு "சரிவரல்ல" எண்டு நிக்கிறாங்க.

பைப்வயரில பஃபருக்குக் குவான்டம் எண்டு பேர். ஒண்டும் தொடாம விட்டா 1,024. மெட்டாடேட்டா கட்டளையால "கிளொக் ஃபோர்ஸ்-குவான்டம்" எண்ட அமைப்புக்கு 128 குடுங்க; பூச்சியம் குடுத்தா பழையபடி தன்பாட்டில ஓடும். வொல்யூம் கட்டுப்பாட்டில உங்கட பெட்டிக்கு "ப்ரோ ஓடியோ" எண்ட புரொஃபைலைத் தெரிவு செய்யுங்க. இடையில எதுவும் கலக்காம தடங்கள் உள்ளபடி வரும். மறுகா "பீடபிள்யூ-டொப்" ஓட விட்டு ஈஆர்ஆர் எண்ட நிரலைப் பாருங்க. அந்த எண் கூடக் கூட எக்ஸ்-ரன், அதாவது பஃபர் நேரத்துக்கு நிரம்பாமத் தவறினது எண்டு அர்த்தம். காதுக்குத் தெரியாத வெட்டும் அதில தெரியும்.

இன்னொரு வழி, எனக்குப் பிடிச்சது: பதியிற நேரம் பைப்வயரை விலக்கி ஆர்டோர் நேரா அல்சாவோட (கேர்னலுக்குள்ள உள்ள ஒலிப் பகுதியோட) பேசட்டும். ஆர்டோரின்ட ஓடியோ, மிடி அமைப்புச் சாளரத்தில அல்சாவைத் தெரிஞ்சு, உள்ளுக்கும் வெளிக்கும் அதே பெட்டியைக் குடுத்து, 48,000, பஃபர் 128, பீரியட் (பஃபர் துண்டுகளின்ட எண்ணிக்கை) 3 எண்டு வையுங்க. யூஎஸ்பி பெட்டிக்கு ரெண்டை விட மூண்டு பீரியட் நிதானமா ஓடும். பெட்டி பிடிபடேல்ல எண்டு சொன்னா வொல்யூம் கட்டுப்பாட்டில அதின்ட புரொஃபைலை ஓஃப் ஆக்கிட்டுத் திரும்பத் தொடங்குங்க.

குரல் மத்தளத்துக்குப் பின்னால இழுபடுறதுக்கு மருந்து குறைஞ்ச லேட்டன்சி இல்ல, அளந்த லேட்டன்சி. பெட்டியின்ட முதலாம் வெளியீட்டில இருந்து முதலாம் உள்ளீட்டுக்கு ஒரு கால் அங்குலக் கேபிளைக் குத்துங்க. 48 வோல்ட்டை ஓஃப் பண்ணுங்க, டிரெக்ட் மொனிட்டரை ஓஃப் பண்ணுங்க, ஸ்பீக்கரையும் ஹெட்போனையும் குறைச்சு வையுங்க. அதே சாளரத்தில "கலிபரேட்" அமத்தினா ஆர்டோர் ஒரு தொனியை அனுப்பி, அது கிறுகி வர எத்தினை சாம்பிள் எடுத்தது எண்டு சொல்லும். அதை ஏத்துக்கொண்டா பதியிற ஒவ்வொரு தடத்தையும் அந்த அளவு முன்னுக்குத் தள்ளி வைக்கும். இதைச் செய்தா பஃபர் 512இல இருந்தாலும் குரல் தாளத்தில விழும்.

---

கல்லடிக்கரை:

ரெண்டு பேருக்கும் நன்றி. ஒரு யூஎம்சி202எச்டி ரெண்டு நாளைக்கு இரவலாக் கிடைச்சது. சொன்னபடி பார்த்ததில:

பழைய குச்சி யூஎஸ்பி மரத்தில (குத்தின கருவிகளின்ட பட்டியலில) 12எம் எண்டு காட்டுது, 16 பிட். புதுப் பெட்டி 480எம். ப்ரொக் கோப்புறைக்குள்ள அதின்ட ஸ்ட்ரீம் கோப்பைத் திறந்தா 32 பிட் வடிவம், அசிங்க் (பெட்டி தன்ட கடிகாரத்திலேயே ஓடுறது), பொதி இடைவெளி 125 மைக்ரோ செக்கன் எண்டு இருக்கு. யூலிமிட் பூச்சியம் வந்தது, குழுவில சேர்த்து உள்நுழைஞ்ச பிறகு 95. பஃபர் 256இல அரை மணித்தியாலம் ஒரு எக்ஸ்-ரன்னும் இல்ல.

128இல இடைக்கிடை "டிக்" எண்டு கேட்குது. 64இல பொரி வறுக்கிற மாதிரி. டிரெக்ட் மொனிட்டர் போட்டா அண்ணாவியாருக்குக் குரல் ரெட்டையாக் கேட்குதாம். சாஜரைக் குத்தினா அடியில ஒரு ரீங்காரம், கழட்டினா இல்ல.

---

மருதமுனை நெசவு:

ரெட்டைக் குரலுக்கு: பெட்டியும் அனுப்புது, ஆர்டோரும் பிந்தி அனுப்புது. ஆர்டோரின்ட விருப்பங்களில மொனிட்டரிங் பகுதிக்குப் போய், பதியிற நேரக் கண்காணிப்பை "ஓடியோ ஹார்ட்வெயார்" பார்க்கட்டும் எண்டு மாத்துங்க. மத்தளத் தடம் ஆர்டோரில இருந்து வரும், குரல் பெட்டியில இருந்து வரும், ஒண்டோட ஒண்டு இடிக்காது. ரெண்டு மைக் சேர்ந்து ஓடும்போது டிரெக்ட் மொனிட்டரில ஒண்டு இடக் காதிலயும் மற்றது வலக் காதிலயும் விழக்கூடும். பதிவில அது பிழை இல்ல, கேட்கிறதுக்கு மட்டும்தான்.

"டிக்" சத்தத்துக்கு யூஎஸ்பி மரத்தைத் திரும்பப் பாருங்க. பெட்டி நேரா வேரில தொங்குதா, இல்ல இடையில ஒரு ஹப் இருக்கா?

---

கல்லடிக்கரை:

ஹப் இருக்கு. அதில மவுஸும் வெப்கேமும் குத்தி இருக்கு. லப்டொப் பவர் மோட் "பேலன்ஸ்ட்".

---

மருதமுனை நெசவு:

ரெண்டுமே காரணம். பெட்டியை லப்டொப்பின்ட பக்கத்துப் போர்ட்டில நேராக் குத்துங்க, கேபிள் ஒண்டரை மீற்றருக்குள்ள இருந்தா நல்லம். வெப்கேமைக் கழட்டுங்க, ஓடும்போது அது யூஎஸ்பி நேரத்தை ஒதுக்கி வாங்கிற சாமான். பவர் மோடை "பெர்ஃபோமன்ஸ்" ஆக்குங்க. ஓடியோ வேலை சின்னன் சின்னனா வாறதால சீபியூ "வேலை இல்ல" எண்டு நினைச்சு வேகத்தைக் குறைச்சிடும். மறுகா எழும்பிறதுக்குள்ள 64 சாம்பிளின்ட 1.3 மில்லி செக்கன் முடிஞ்சிடும். பதியிற நேரம் வைஃபையும் புளூடூத்தும் ஓஃப்.

இத்தினையும் செய்தும் 64 பொரிஞ்சா 128இலேயே நில்லுங்க. குரல் பெட்டிக்குள்ளால வரும்போது 64ஆல ஆகிற நன்மை ஒண்டும் இல்ல. லப்டொப்புக்குள்ள இருக்கிற கீபோர்ட் ஒலியையோ எஃபெக்டையோ உயிரா வாசிக்கிற ஆளுக்குத்தான் 64 தேவை.

---

அக்கரைப்பற்று இழை:

ரீங்காரத்துக்கு நான் சொல்றன். சாஜரைக் கழட்ட நிக்கிதெண்டா அது எர்த் வளையம், பெட்டியில பழுதில்ல. லப்டொப்புக்கு ஒரு எர்த், ஸ்பீக்கருக்கு இன்னொரு எர்த். இடையில யூஎஸ்பி கேபிளின்ட உறை வழியா 50 ஹேர்ட்ஸ் ஓடுது. முதல் ஸ்பீக்கரையும் லப்டொப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷனில குத்திப் பாருங்க. மறுகா ஸ்பீக்கருக்குப் போற கேபிளைப் பாருங்க: பிளக்கில கறுப்பு வளையம் ஒண்டா ரெண்டா? ஒண்டு எண்டா சமநிலை இல்லாத கேபிள். ரெண்டு வளையம் உள்ள டிஆர்எஸ் கேபிளுக்கு மாத்தினா, ஸ்பீக்கரிலயும் சமநிலை உள்ளீடு இருந்தா, ரீங்காரம் அனேகமாப் போயிடும். எக்காரணத்துக்கும் மூண்டு ஊசிப் பிளக்கின்ட எர்த் ஊசியை வெட்டாதீங்க. 230 வோல்ட், மைக் அண்ணாவியார்ர வாய்க்குக் கிட்ட இருக்கு.

பழைய வீட்டில பிளக்பொயின்ட்டில மூண்டு ஓட்டை இருக்கும், பின்னால எர்த் வயரே இருக்காது. வயரிங் செய்யிற ஆளைக் கூப்பிட்டு அதை ஒருக்காச் சோதிக்க வேணும். பதியிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு பெட்டரியில ஓடிட்டுப் போகலாம், ஆனா பெட்டரிக்கு மாறினதும் பவர் மோட் தானா இறங்கிச்சா எண்டு பாருங்க. அதோட சீலிங் ஃபேன் ரெகியுலேட்டர். நடு வேகத்தில வச்சா சிலது "ர்ர்ர்" எண்டு மைக் கேபிளுக்குள்ள வரும். முழு வேகம், இல்லாட்டி ஓஃப்.

நீங்க இருக்கிறது மட்டக்களப்புக் கல்லடி எண்டபடியால் இன்னொண்டு. கடல் காத்தும் வாவி ஈரமும் சேர்ந்து பிளக்கின்ட பளபளப்பை மங்கலாக்கிடும். சொக்கெட்டில பிளக்கைச் சுழட்டும்போது கரகரத்தா அது லேட்டன்சியும் இல்ல எக்ஸ்-ரன்னும் இல்ல, ஒக்சைட். ஐசோபுரோப்பில் அல்கஹோல் நனைச்ச துணியால பிளக்கைத் துடைச்சு, சொக்கெட்டில அஞ்சாறு தரம் குத்திக் கழட்டுங்க. கார்த்திகை, மார்கழி மழைக்குள்ள கண்டென்சர் மைக்கும் ஈரத்தில பொரியும். சிலிக்கா ஜெல் பொதியோட மூடின டப்பாவில வையுங்க. எக்ஸ்-ரன் எண்டா ஈஆர்ஆர் எண் ஏறும், ஈரம் எண்டா எண் அசையாது. ரெண்டையும் பிரிச்சறிய அது போதும்.

---

சல்லரி:

சல்லரிக் கருவிக்கு ஒரு சொல். அதின்ட அடி கூர்மை, மட்டமானி காட்டிறதுக்குள்ள உச்சி தாண்டிடும். கெயினை உச்சி மைனஸ் 12 டெசிபலில நிக்கிற மாதிரி வையுங்க. 24 பிட்டில அந்த இடைவெளியால ஒண்டும் குறையாது. மைக்கைச் சல்லரியின்ட விளிம்புக்கு நேரா வையாம கொஞ்சம் மேலால, முக்கால் மீற்றர் தள்ளி.

மத்தளத்துக்கு டைனமிக் மைக், குரலுக்குக் கண்டென்சர் எண்டா 202எச்டியில 48 வோல்ட் ரெண்டு பக்கமும் சேர்ந்து போகும். எக்ஸ்எல்ஆர் (மூண்டு ஊசி மைக்) கேபிள் சரியா இருந்தா டைனமிக்குக்கு ஒண்டும் ஆகாது. பழைய ரிபன் மைக்கை மட்டும் அதில குத்தாதீங்க. 48 வோல்ட்டைப் போட்ட பிறகு கெயினை ஏத்துங்க. ஏத்தி வச்சிட்டுப் போட்டா ஹெட்போனில வெடிக்கும்.

---

கல்லடிக்கரை:

ஹப்பைக் கழட்டி நேராக் குத்தி, பெர்ஃபோமன்ஸ் மோடில, வைஃபை ஓஃபில: 128, மூண்டு பீரியட், 40 நிமிசம், எக்ஸ்-ரன் பூச்சியம். 64இல பத்து நிமிசத்துக்கு மூண்டு நாலு வருது, அதை விட்டிட்டன். கலிபரேட் செய்ததில 536 சாம்பிள், 11.2 மில்லி செக்கன். ஏத்துக்கொண்ட பிறகு மத்தளத் தடத்தையே வெளியால விட்டுத் திரும்பப் பதிஞ்சு, ரெண்டு அலையையும் பெருப்பிச்சுப் பார்த்தன். அடி ஒண்டுக்கு மேல ஒண்டு விழுது. ஆர்டோர் கண்காணிப்பை நிப்பாட்டினதும் ரெட்டைக் குரல் போச்சு. ஸ்பீக்கர் கேபிளில வளையம் ஒண்டுதான், மாத்த வேணும்.

இதே பெட்டியையே வாங்கிறன். ஒரு கேள்வி மட்டும்: கல்லடிப் பாலத்துக்குக் கீழ வாவிச் சத்தம் எடுக்க ஒரு பீசோ (அதிர்வைக் கரண்டாக்கிற துண்டு) நீர் மைக் செய்து தர ஒராள் இருக்கார். அதையும் இதில குத்தலாமா?

---

அக்கரைப்பற்று இழை:

குத்தலாம், ஆனா எக்ஸ்எல்ஆரில இல்ல. பீசோவுக்கு உயர் தடை உள்ளீடு வேணும்: நடு ஓட்டையில கால் அங்குலப் பிளக், பக்கத்துப் பொத்தான் "இன்ஸ்ட்" பக்கம். மைக் உள்ளீட்டுக்குக் குடுத்தா அடிச் சத்தம் முழுக்கச் செத்து, தகரம் தட்டின மாதிரி வரும். கேபிள் நீளம் கூடக் கூட மட்டமும் இறங்கும், ரீங்காரமும் ஏறும். அஞ்சு மீற்றருக்கு மேல போறதெண்டா பீசோவுக்குப் பக்கத்திலேயே சின்ன முன்பெருக்கி ஒண்டு வைக்கச் சொல்லுங்க. சாஜர் இல்லாம பெட்டரியில ஓடுங்க. அங்க லேட்டன்சி தேவையில்ல, பஃபரை 1,024க்கு ஏத்தி விடுங்க.

---

மருதமுனை நெசவு:

ஏத்தினதை மறந்து அடுத்த நாள் பாட்டுப் பதிய இருந்திடாதீங்க. 536 எண்டது 128க்கும் மூண்டு பீரியட்டுக்கும் உரிய எண். பஃபர், சாம்பிள் வேகம், பீரியட், மூண்டில ஒண்டு மாறினாலும் கேபிளைக் குத்தித் திரும்ப அளங்க.